பதினேழு பேரின் கையொப்பம், ஒருவரின் கை: போலிக் கையொப்பங்களை இனங்காண்பது எப்படி?

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே சட்டமிட்ட ஒரு தாள். 1948இல் இங்கிலாந்துக்குச் சென்ற அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணியின் பெயர் மேலே அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழ் பதினேழு வீரர்களின் கையொப்பங்கள். முதலாவது டொன் பிராட்மனுடையது. சட்டத்தின் பின்புறத்தில் தங்கநிற முத்திரை ஒட்டிய சான்றிதழ் ஒன்றும் இருந்தது. இணைய ஏலத்தில் 900 கனேடிய டொலருக்கு வாங்கியதாகவும், ஐயா படிப்பித்த பாடசாலையின் நூலகத்தில் அவரது நினைவாக அதை வைக்கவேண்டும் என்றும் ஒரு துண்டில் எழுதியிருந்தான்.

அந்தத் தாள் போலியானது என்று அறிந்துகொள்ள எனக்கு அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. அதைத் தம்பியிடம் சொல்ல மூன்று கிழமை எடுத்தது.

இதை எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. புலம்பெயர்ந்த எம்மவர்கள் பலர் ஊர்க் கழகங்களுக்கு நிதி சேர்க்கவும், நினைவுப் பரிசாகக் கொடுக்கவும் கையொப்பமிட்ட துடுப்புகள், பந்துகள், படங்கள் போன்றவற்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். இது முதலாவது காரணம். விளையாட்டு வீரரின் கையொப்பத்தில் போலியைக் காட்டிக்கொடுக்கும் அதே அடையாளங்கள்தான் காணி உறுதியிலும் அற்றோணித் தத்துவத்திலும் போலியைக் காட்டிக்கொடுக்கின்றன. இரண்டாவது காரணம் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஐயாவின் குறிப்புப் புத்தகம்

1948 மார்ச் 27ஆம் திகதி பிராட்மனின் அணி கொழும்பில் ஒரு நாள் ஆட்டம் ஆடியது. இங்கிலாந்து நோக்கிச் சென்ற ‘ஸ்ரத்எயார்ட்’ கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தரித்தபோது ஏற்பாடான ஆட்டம் அது. இடம், தமிழ் யூனியன் கழகத்தின் கொழும்பு ஓவல். இன்று பி. சரவணமுத்து மைதானம் என்று அழைக்கப்படுவது அதுதான். இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். முந்திய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். பிராட்மன் அன்று எடுத்தது 20 ஓட்டங்கள் மட்டுமே. ஆடுகளம் 22 யார் இருக்கவேண்டிய இடத்தில் 20 யார் மட்டுமே இருந்தது என்பது அளந்து பார்த்தபோது தெரியவந்தது. இந்தக் கதையை ஐயா குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பார்.

அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பில் வேலைசெய்த மாமன் ஒருவர் அவரைக் கூட்டிச்சென்றிருந்தார். வேலிக் கரையில் நின்று ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தில் ஐந்து வீரர்களின் கையொப்பங்களை வாங்கினாராம். பிராட்மனுடையது கிடைக்கவில்லை. அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது உறுதிப் பையை மட்டும் எடுத்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஐயா 2003இல் காலமானார். தம்பி வாங்கி அனுப்பியது அந்தப் புத்தகத்துக்கு ஈடாக. அதனால்தான் சொல்வது கடினமாக இருந்தது.

பெயரை வாசிக்காதே, கோட்டைப் பார்

நான் 29 ஆண்டுகள் வங்கி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவன். காசோலையில் உள்ள கையொப்பத்தை வாடிக்கையாளரின் மாதிரிக் கையொப்ப அட்டையோடு ஒப்பிடுவது பல ஆண்டுகளாக என் வேலை. வேலையில் சேர்ந்த முதல் மாதம் பிரதம எழுதுவினைஞர் எனக்குச் சொன்னது இதுதான்: “தம்பி, பேரை வாசியாதையும். கோட்டைப் பாரும். வாசிச்சால் மூளை ஏமாத்திப்போடும்.”

அவர் அட்டையையும் காசோலையையும் தலைகீழாகத் திருப்பி வைப்பார். தலைகீழாக இருக்கும்போது அது பெயராகத் தெரியாது. வளைவுகள், சாய்வுகள், இடைவெளிகள், முடிவுகள் என்று வெறும் கோடுகளாகத் தெரியும். ஆவணப் பரிசோதகர்கள் இன்றும் பயன்படுத்தும் எளிய முறைகளில் இதுவும் ஒன்று. வீட்டில் எவரும் செய்து பார்க்கலாம்.

நாங்கள் கையொப்பமிடும்போது எழுத்துகளை யோசிப்பதில்லை. ஆயிரக்கணக்கான தடவை செய்து பழகிய கை தானாக ஓடுகிறது. பேனை தாளைத் தொடுவதற்கு முன்னரே கை அசையத் தொடங்கிவிடும். கடைசி எழுத்து முடிந்து பேனை தாளை விட்டு எழும்பிய பின்னரும் அசைவு நிற்காது. ஆகவே உண்மையான கையொப்பத்தில் கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் அழுத்தம் கூடிக் குறைந்து, மெலிந்து கூராகி முடியும். போலி செய்பவர் கையொப்பம் இடுவதில்லை, அதை வரைகிறார். பேனையை வைத்து, மாதிரியைப் பார்த்து, பிறகு இழுக்கிறார். ஆகவே தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும். சில இடங்களில் மை தேங்கிச் சிறு புள்ளியாக நிற்கும்.

வடிவத்தைப் போலி செய்வது அவ்வளவு கடினமல்ல. வேகத்தைப் போலி செய்வதுதான் கடினம். வடிவத்தில் கவனம் வைத்தால் வேகம் போய்விடும், வேகமாக எழுதினால் தன் சொந்தக் கையின் பழக்கம் உள்ளே வந்துவிடும். போலி செய்பவர் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருப்பார்.

தம்பியின் தாளில் நான் கண்டவை

சட்டத்தைக் கழற்றித் தாளை யன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று என்னிடம் உண்டு.

முதலில் பிராட்மனின் கையொப்பம். அவர் 2001இல் இறக்கும்வரை பல தசாப்தங்களாக இரசிகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதி வந்தவர். தெளிவாக வாசிக்கக்கூடிய விதத்தில் கையொப்பமிடுபவர். ஆகவே ஒப்பிடுவதற்கு நல்ல மாதிரிகள் நிறைய உண்டு. அதே தெளிவுதான் அவரைப் போலி செய்பவர்களுக்கும் ஆசை காட்டுகிறது. இந்தத் தாளில் எழுத்துகளின் வடிவம் பிழையில்லை. ஆனால் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பில் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் பேனை நின்று மறுபடி தொடங்கியிருந்தது. இன்னோரிடத்தில் ஒரு வளைவின் மேல் இரண்டாவது தடவை கோடு இழுத்துத் திருத்தப்பட்டிருந்தது. தன் பெயரை எழுதும் ஒருவர் அதை ஒட்டுப்போட்டுத் திருத்துவது மிக அரிது. பிழைத்தால் பிழைத்தபடி விட்டுவிடுவார்.

இரண்டாவதாக, பதினேழையும் ஒன்றாகப் பார்த்தேன். பதினேழு வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு நேரங்களில், ஓய்வறையிலோ கப்பலிலோ கைமாற்றிக் கையொப்பமிட்ட தாள் எப்படி இருக்கும்? ஒருவர் பெரிதாக எழுதி அடுத்தவரின் இடத்தைப் பிடித்திருப்பார். ஒருவரது கோடு மேலே ஏறும், இன்னொருவரது கீழே இறங்கும். ஒருவர் அழுத்துவார், ஒருவர் தொட்டும் தொடாமலும் எழுதுவார். நடுவில் பேனை மாறும், மையின் நிறம் மாறும். இந்தத் தாளில் அப்படி எதுவும் இல்லை. எல்லாம் அளவாக, இடைவெளி விட்டு, ஒரே அழுத்தத்தில் அமைந்திருந்தன. பெயர்களின் வடிவங்கள் வெவ்வேறாக இருந்தாலும், சொல்லின் கடைசிக் கோட்டைச் சற்றுக் கீழ்நோக்கி நிறுத்தும் ஒரு பழக்கம் ஏழெட்டுப் பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. கீத் மில்லரும் ரே லிண்ட்வோலும் நீல் ஹாவியும் அந்தப் பழக்கத்தைப் பகிர்ந்திருக்க முடியாது. அது எழுதியவரின் கை.

மூன்றாவது, பேனை. 1948இல் பெரும்பாலானோர் மைப் பேனையால்தான் எழுதினார்கள். மைப் பேனையின் கூர் இரண்டாகப் பிளந்தது. கீழ்நோக்கி அழுத்தி இழுக்கும்போது கூர் விரிந்து கோடு தடிக்கும், மேல்நோக்கிச் செல்லும்போது மெலியும். வில்லையால் பார்த்தால் கோட்டின் இரு ஓரங்களிலும் மை சற்று அடர்த்தியாகத் தெரியும். குமிழ்முனைப் பேனை அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1945இன் இறுதியில்தான். அது தாளில் பள்ளம் விழுத்தும். நார்முனைப் பேனைகள் 1960களில்தான் பரவலாகச் சந்தைக்கு வந்தன. அவை எத்திசையில் இழுத்தாலும் ஒரே தடிப்பில் எழுதும். என் கையிலிருந்த தாளில் பதினேழு பெயர்களும் நார்முனைப் பேனையால் எழுதப்பட்டிருந்தன.

நான்காவது, தாள். நாணயத்தாள் சரிபார்க்கும் சிறிய ஊதா விளக்கின் கீழ் அதைப் பிடித்தேன். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. தாளை வெண்மையாகக் காட்டுவதற்குச் சேர்க்கப்படும் ஒளிர்வுப் பொருள் 1950ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான் தாள் உற்பத்தியில் பரவியது. ஓரங்களில் பூசப்பட்டிருந்த பழுப்பு நிறம் தேயிலைச் சாயமாக இருக்கலாம்.

இந்த நான்கில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. நான்கும் ஒரே பக்கம் கைகாட்டியதால்தான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

அச்சடித்த கையொப்பமும் உண்டு

ஏமாற்றும் நோக்கம் இல்லாமலே பலர் ஏமாறும் வகை ஒன்றும் இருக்கிறது. பிராட்மன் ஆடிய காலத்தில் சைக்ஸ் நிறுவனம் அவர் பெயரில் துடுப்புகளை விற்றது. அவரது கையொப்பத்தின் பிரதி அவற்றில் பதிக்கப்பட்டிருந்தது. இன்று அத்தகைய பழைய துடுப்பு ஒன்றைக் காண்பவர் ‘பிராட்மன் கையொப்பமிட்ட துடுப்பு’ என்று நம்பிவிடலாம். படங்களிலும் அணித் தாள்களிலும்கூட அச்சுப் பிரதிகள் உண்டு. வில்லையால் பார்த்தால் அச்சில் சிறு புள்ளிகள் தெரியும், அல்லது மை தாளில் ஊறிய அடையாளமே இருக்காது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் மை இரண்டு அடுக்காகத் தெரியாது.

பேனையைப் பிடித்து ஒரே கையொப்பத்தை மீண்டும் மீண்டும் எழுதும் இயந்திரங்களும் இருக்கின்றன. அவற்றின் கோடு தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். அதைவிட முக்கியமான அடையாளம், இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்திவிடும்.

அளவுக்கு மீறிய ஒற்றுமை

இந்தக் கடைசி விடயம் பலருக்கு வியப்பாக இருக்கும். ‘அச்சொட்டாக அதே கையொப்பம்’ என்றால் அது உண்மையானது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். வங்கியில் அதற்கு எதிர்மாறாகத்தான் பழக்கினார்கள். எந்த மனிதரும் இரண்டு தடவை ஒரேமாதிரிக் கையொப்பமிடுவதில்லை. நீளம் சற்று மாறும், ஒரு வளைவு பெருக்கும், ஒரு புள்ளி தள்ளி விழும். மயிரிழை பிசகாமல் இரண்டு பொருந்தினால், ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்துப் படியெடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கவேண்டும்.

இது நீதிமன்றத்தில் கணக்காகவே முன்வைக்கப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் சில்வியா ஆன் ஹவ்லண்ட் என்ற செல்வந்தப் பெண்மணியின் மரணசாசனம் தொடர்பான வழக்கு, 1868இல் முடிவுற்றது. சர்ச்சைக்குரிய கையொப்பம் இன்னொரு கையொப்பத்தோடு முற்றாகப் பொருந்தியது. கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்சும் அவரது மகன் சார்ள்ஸ் பியர்சும் அவரது 42 உண்மையான கையொப்பங்களை எடுத்து, ஒவ்வொரு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டார்கள். கையொப்பத்தில் கீழ்நோக்கிய கோடுகள் 30 இருந்தன. சராசரியாக ஐந்து கோடுகளில் ஒன்றுதான் பொருந்தியது. முப்பதும் ஒரே நேரத்தில் தற்செயலாகப் பொருந்துவது நடைமுறையில் நடக்கமுடியாதது என்று பேராசிரியர் சாட்சியமளித்தார். வழக்கு வேறொரு சட்டக் காரணத்தால் தீர்க்கப்பட்டாலும், அந்தச் சாட்சியம் இன்றுவரை பேசப்படுகிறது.

சான்றிதழையும் போலி செய்யலாம்

தம்பி சான்றிதழை நம்பித்தான் வாங்கினான். அவனைக் குறைசொல்ல முடியாது. அமெரிக்காவில் 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘புல்பென்’ நடவடிக்கை இந்த வியாபாரத்தின் ஆழத்தைக் காட்டியது. கலிபோர்னியாவின் சான் டியேகோவை மையமாகக் கொண்டு இயங்கிய ஒரு கும்பல், கிரெக் மரினோ என்பவரின் கைத்திறமையை வைத்து பேப் ரூத், மிக்கி மான்டில் போன்ற பேஸ்போல் வீரர்களின் கையொப்பங்களை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தது. பழைய பந்து போலக் காட்டுவதற்காகப் பந்துகளுக்கு அரக்குப் பூசினார்கள். அன்னை திரேசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்போல் பந்துகூட அகப்பட்டது! 1999 ஒக்ரோபரில் பெரும் தேடுதல்கள் நடந்தன. விசாரணைகளின் முடிவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அந்தக் கும்பல் விற்ற பொருட்களுக்கும் சான்றிதழ்கள் இருந்தன.

சான் டியேகோ அணியின் புகழ்பெற்ற வீரர் டோனி குவின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் விற்கப்பட்ட போலிக் கையொப்பங்களை அடையாளம் கண்டு சொன்னார். இந்தச் சம்பவங்களுக்குப் பின்னர், 2001இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போல் அமைப்பு புதிய முறையொன்றைத் தொடங்கியது. வீரர் கையொப்பமிடும்போது அங்கீகரிக்கப்பட்ட ஒருவர் அருகில் நின்று பார்ப்பார். அதன்பிறகே இலக்கமிட்ட முத்திரை ஒட்டப்படும். எழுத்தை மட்டும் நம்பி வந்த உலகம், கடைசியில் கண்கண்ட சாட்சியிடம் திரும்பியது.

ஒப்பிடும் மாதிரியே போலியாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்திருக்கவேண்டும். 1983இல் ஜேர்மனியின் ‘ஸ்ரேர்ன்’ சஞ்சிகை ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. கையெழுத்து நிபுணர்கள் அவை உண்மை என்றார்கள். அவர்கள் ஒப்பிடுவதற்குப் பயன்படுத்திய மாதிரிகளில் சிலவற்றையும் அதே கொன்ராட் குயாவ்தான் எழுதியிருந்தார். போலியைப் போலியோடு ஒப்பிட்டால் பொருந்தத்தானே செய்யும். இறுதியில் உண்மையைச் சொன்னது தாள்தான். போருக்குப் பிந்திய வெண்மையூட்டிகள் அதில் இருந்தன. இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்துக் கையொப்பத்தை ஒப்பிடுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

நான் விட்ட பிழை

இவ்வளவும் படித்துவிட்டு நடுங்கும் கையொப்பங்கள் எல்லாவற்றையும் போலி என்று சொல்லத் தொடங்கினால் அது பெரிய அநியாயத்தில் முடியும். அதை நான் செய்திருக்கிறேன்.

2010ஆம் ஆண்டு. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் எங்கள் கிளைக்கு வந்தார். போருக்கு முன்னர் போட்டுவைத்த சிறிய சேமிப்பை எடுக்கவேண்டும். படிவத்தில் இருந்த கையொப்பம் உடைந்து உடைந்து நடுங்கியது. அட்டையில் இருந்த 1998ஆம் ஆண்டுக் கையொப்பத்தோடு கிட்டவும் வரவில்லை. கிராம சேவையாளரின் கடிதம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். ஒரு கிழமைக்குப் பின் கடிதத்தோடு வந்து மறுபடி கையொப்பமிட்டபோதுதான் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மீதி விரல்களுக்கு இடையில் பேனையைச் செருகிப் பிடித்திருந்தார். முதல் நாள் நான் தாளை மட்டும் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. பஸ் காசுக்கு யாரிடம் கடன்பட்டு இரண்டாம் தடவை வந்தாரோ தெரியாது.

அன்று வீட்டுக்குப் போகமுன் அந்த இரண்டு படிவங்களையும் எடுத்து மறுபடி பார்த்தேன். கோடு நடுங்கியதுதான். ஆனால் எங்கும் நின்று யோசிக்கவில்லை, எங்கும் ஒட்டுப்போட்டுத் திருத்தப்படவில்லை. முதலெழுத்தைப் பெரிதாகத் தொடங்கிக் கடைசிக் கோட்டை மேல்நோக்கி வீசும் பழக்கம், 1998இல் இருந்ததுபோலவே இருந்தது. காயம்பட்ட கை, முதிர்ந்த கை, நோயாளியின் கை எல்லாம் நடுங்கும். ஆனால் அந்த நடுக்கத்துக்குள் அவருடைய பழைய ஓட்டம் இருக்கும். போலியின் நடுக்கம் வேறு. அது மாதிரியைப் பார்க்கவேண்டிய கடினமான வளைவுகளில் வரும், இலகுவான இடங்களில் மறையும். கோடு நடுங்கும், வடிவம் மட்டும் சுத்தமாக இருக்கும்.

எங்கள் சனத்தில் எத்தனை பேரின் கைகள் மாறிவிட்டன! முப்பது ஆண்டுப் போருக்குப் பிறகு ஒரு கையொப்பம் மாறியிருந்தால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி ‘உங்கள் கைக்கு என்ன நடந்தது?’ என்பதுதான்.

காணி உறுதிக்கு வருவோம்

எங்கள் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. இடத்தையும் பெயரையும் தவிர்க்கிறேன். அவரது கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். சில ஆண்டுகளின் பின் கணவரின் பெயரிலிருந்த காணியில் யாரோ வேலி போட்டார்கள். கேட்டபோது ஓர் உறுதியின் பிரதியைக் காட்டினார்கள். 2012இல் கணவர் கையொப்பமிட்டு விற்றதாக அதில் இருந்தது.

நான் வங்கியில் இருந்தவன் என்பதால் அந்தப் பிரதியையும், கணவரின் பழைய கடன் விண்ணப்பம் ஒன்றின் பிரதியையும் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டையும் யன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். கடைசிப் புள்ளி வரை பொருந்தியது. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அந்த விண்ணப்பத்தின் பிரதி எத்தனை பேரின் கைகளுக்குப் போயிருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நான் அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். நான் பார்த்தது தீர்ப்பு ஆகாது. சட்டத்தரணியிடம் போவதற்கான காரணம் மட்டுமே. நிழற்பிரதியில் அழுத்தம் தெரியாது, பேனை எழும்பிய இடம் சரியாகத் தெரியாது. மூல ஆவணம் வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கையெழுத்து நிபுணரின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் ஏற்க இடமளிக்கிறது. 73ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் தானே கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இதற்கென்று ஆவணப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாற்றத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. அமெரிக்க பேஸ்போல் 2001இல் கண்டுபிடித்ததை எங்கள் சட்டம் அதற்கு 160 ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லிவிட்டது. ஆகவே ஓர் உறுதியில் சந்தேகம் வந்தால் உரிமையாளரின் கையொப்பத்தை மட்டும் பார்த்து நிற்காதீர்கள். சாட்சிகள் யார், அவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, உறுதி எழுதிய நாளில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். மூன்று கையொப்பங்களிலும் ஒரே கையின் பழக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். தம்பியின் தாளில் பதினேழு பேருக்கு நான் செய்தது அதைத்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவேட்டை இடைக்கிடை பார்வையிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகள்தான் அதிகம் குறிவைக்கப்படுகின்றன. அற்றோணித் தத்துவம் கொடுத்தால் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வெற்றுத் தாளில், நிரப்பாத படிவத்தில் எவருக்கும் கையொப்பமிட்டுக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையின் பிரதியையோ கையொப்பமிட்ட ஆவணத்தையோ கொடுக்கும்போது, எந்தத் தேவைக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை அதன் குறுக்கே எழுதிவிடுங்கள். இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் கையொப்பமிட்ட பழைய தாள்கள் எதுவாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, கடிதம், சங்கக் கடை அட்டை, எதுவும் பயன்படும். வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த ஐந்தாறு உண்மையான கையொப்பங்கள் இருந்தால்தான் எந்த நிபுணரும் உறுதியாக எதையும் சொல்லமுடியும்.

அந்தப் பெண்மணியின் வழக்கு இன்னும் நடக்கிறது. கையொப்பம் பொருந்துகிறது என்று நான் யன்னலருகில் நின்று சொன்னபோது அவர் அழவில்லை. “அவர் கையெழுத்துப் போட வந்திருந்தால், முதல் வீட்டுக்கெல்லோ வந்திருப்பார்” என்றார். நான் 29 ஆண்டுகளில் கேட்ட சாட்சியங்களில் அதைவிடப் பெரியது இல்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அண்ணை, அப்ப ஐயாவின்ர கையெழுத்தாவது எங்கயாவது இருக்கா?” என்று கேட்டான்.

இருந்தது. 1995இல் தூக்கிக்கொண்டு ஓடிய உறுதிப் பையில், 1971இல் காணி வாங்கியபோது ஐயா இட்ட கையொப்பம். மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, கடைசி எழுத்திலிருந்து வாலைப்போல நீண்டு கூராகி முடிகிறது. அதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். நூலகத்துக்கு இந்த ஆண்டு அவன் புத்தகங்கள் அனுப்புகிறான். பதினேழு பெயர் கொண்ட தாள் என்னிடம்தான் இருக்கிறது. போலி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு.